கரைவுக் கணக்கு

காலை ஐந்தரை, குருநகர் ஐஸ் பக்டரி.
ரொறன்ரோவில் இன்னும் நேற்று, இரவு ஏழு மணி.
அங்கே பனிக்கட்டிமேல் சறுக்கத் தொடங்குவார்கள்.
இங்கே அதைக் கொக்கி போட்டு இழுத்து
ஐம்பது கிலோப் பாளம் பாளமாய்
அரைவைக்குள் தள்ளுவோம்.

லீக்கில் ஆறு பேர்.
நாலு பேர் இங்கே, ரெண்டு பேர் ஸ்காபரோவில்.
ஆளுக்குப் பன்னிரண்டு வீரர், காகிதத்தில்.
அங்கே ஒருவன் கோல் அடித்தால்
இங்கே என் கொப்பியில் புள்ளி ஏறும்.
எனக்கு ரீம் இல்லை. நான் தயாபரி,
பக்டரிக் கணக்கு எழுதுகிறவள்.
ஐஸுக்குக் கறுப்புப் பேனை, ஹொக்கிக்குச் சிவப்பு.
மாறி எழுதினது ஒரேயொரு நாள்:
றோலர்க்காரர் ஒருவருக்கு
ரெண்டு கோலும் ஒரு அசிஸ்டும்
பில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.
அவர் காசும் கட்டிப்போட்டார்.

இன்றைய சண்டை எமில்டனால்.
விடியப்புறம் ஸ்காபரோ மச்சானோடு கதைத்து
நல்ல கோலி வெசாலாவைக் கொடுத்து
போஷார்டை வாங்கியிருக்கிறான்.

"விசரே உனக்கு? வயசு முப்பத்தாறு!
முழங்கால் ரெண்டும் வெட்டிக் கட்டினது!"
"கோல் அடிக்கவே வாங்கினனான்? பின்னுக்கு நிண்டு மறிக்க."
"வெசாலா மறிக்கேல்லையே? நூறுக்குத் தொண்ணூற்றிரண்டு!"
"அது அடிவாங்கி ரீமுகளின்ரை ஷொட்.
எங்கடை சுமித்திரனும் மறிப்பான்."
வண்டிக்காரச் சுமித்திரன் தலையாட்டினான்,
மறிப்பானாம்.
"போஷார்டின்ரை பிளஸ் மைனஸைப் பார்.
பிளஸ் இருபத்தொண்டு!"

அதென்ன சாமான் என்றான் சுமித்திரன்.
நான் சொன்னேன்:
எங்கள் பக்கம் கோல் போட்டால்
அந்த நேரம் ஐஸில் நின்ற எல்லாருக்கும் ஒன்று கூடும்.
எங்களுக்கு விழுந்தால்
நின்ற எல்லாருக்கும் ஒன்று குறையும்.

றெஜினோல்ட் கொக்கியைக் கீழே வைத்தார்.
"ஒண்டும் செய்யாமல் நிண்டவனுக்குமோ?"
ஓம் என்றேன்.
"அந்த நேரம் அதிலை நிண்டதுக்கு?"
ஓம்.

அரைவை மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

"அப்ப அதை வெட்டும் பிள்ளை."
எமில்டன் துள்ளினான்: "சீசன் பாதியிலை சட்டம் மாத்துறதோ?
நான் அதைப் பார்த்துத்தானே ஆளை வாங்கினனான்!"
வாக்கெடுத்தோம். ஸ்காபரோக்காரர் போனில்.
ஒருவன் காரோட்டிக்கொண்டே வெட்டச் சொன்னான்.
மச்சான் வேண்டாமென்றான், பிறகு வெட்டு என்றான்;
வெசாலா இப்போது அவனிடம், அவனுக்கென்ன.
ஐந்துக்கு ஒன்று.
அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனையால்
அந்த நிரலை மேலிருந்து கீழே கோடிழுத்தேன்.

திரும்பக் கூட்டிப் பார்த்தால்
எமில்டன் ஓரிடம்தான் இறங்கியிருந்தான்.
ரெண்டாவதாய் நின்ற றெஜினோல்ட்
கடைசிக்குப் போயிருந்தார்.
அவருடைய ஆட்கள் எல்லாரும் நல்ல நேரம் பார்த்து
நின்றவர்கள்போலும்.
கொப்பியை நீட்டினேன்.
ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
"கூட்டினது சரியோ?"
"சரி."
"அப்ப சரி."

இன்னொரு சட்டமும் இருக்கிறது:
அறுபது நிமிஷமும் சமனாய் நின்று
ஓவர்ரைமில் தோற்றால், தோற்றவனுக்கும் ஒரு புள்ளி.
அதைப்பற்றி இங்கே இதுவரை
ஒருவரும் வாய் திறந்ததில்லை.

முதல் வள்ளம் வந்துவிட்டது.
கறுப்புப் பேனை. பாளம் நாற்பது.
கரைவு, பதினொரு கிலோ.
அந்த நிரலில் யாருடைய பெயரும் எழுதுவதில்லை,
வெயில் என்றுகூட.

எமில்டன் மதிலோரம் நின்று
போஷார்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறான்.
மணி அடிக்கிறது, அடிக்கிறது.
மச்சான் எடுக்கிறானில்லை.